ஜான்-பத்திஸ்த் வீட்டுக் கூடத்தில் ஒசாகா

2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானின் ஒசாகா நகரத்துக்கு விமானம் ஏறிப்போன பொலின், அதே வாரத்தில் ஒரு காலை, புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கையில் சீப்பு இல்லை. ஆனாலும் முடி வகிடு பிரிந்து ஒழுங்காகப் படிந்தது. பால் வாங்கிவரக் கிளம்பிய தாய் ஏலேன், மகளைப் பார்த்ததும் கத்திக்கொண்டே ஓடிக் கட்டிப்பிடித்தாள். கைகளில் எதுவும் தட்டுப்படவில்லை. அவை அவள் மார்பிலேயே வந்து மோதின. பொலின் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொட்டாவி விட்டாள். பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்த தகப்பன் ஜான்-பத்திஸ்த், இளமை முழுவதையும் பிரெஞ்சு ராணுவத்தில் கழித்து பென்ஷனோடு வீடு திரும்பியவர், குண்டு வெடித்த இடங்களில் நின்றவர், அன்று நாற்காலியைத் தேடி உட்காரவேண்டியதாயிற்று. பெண் செத்துப்போய் ஆவியாக வந்திருக்கிறாள் என்றுதான் இருவருமே முதலில் நினைத்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஏலேன் ஒசாகாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. கூடத்தின் நடுவில் நின்ற பொலின் சட்டென்று குனிந்து எதையோ எடுத்துக் காதில் வைத்தாள்.

“அல்லோ?” என்றாள். அந்தச் சொல் ரிசீவரில் ஒரு முறையும் கூடத்தில் ஒரு முறையும் கேட்டது.

“எப்படிம்மா இருக்க?” என்றாள் ஏலேன், பத்தடி தூரத்தில் நின்ற மகளைப் பார்த்தபடி.

“சூப்பரா இருக்கேன் மமா. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?”

ஏலேன் வாயைத் திறப்பதற்குள் ஜான்-பத்திஸ்த் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். தெரிந்தால் பிள்ளை பயந்துவிடும் என்பது அவர் கணக்கு. தன் உடம்பு இரண்டு இடத்தில் இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஊரில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் யார் சொல்வது? பங்குச் சாமியார் வந்து பார்த்தார். மூச்சு விடுகிறாள், தும்முகிறாள், கொசு கடிக்காத இடத்தைக்கூடச் சொறிகிறாள், ஆகவே இவள் ஆவி இல்லை என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று தீர்த்தம் தெளித்துவிட்டு, காபி குடித்துப் போனார். வீராம்பட்டினத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் சின்னப்பாப்பாதான் வெளியாட்களில் முதலில் பார்த்தவள். “ஏம்மா, பொண்ணு ஜப்பானுக்குப் போவலையா?” என்றாள். “போயிட்டா” என்றாள் ஏலேன். சின்னப்பாப்பா கூடத்தை ஒருமுறையும் ஏலேனை ஒருமுறையும் பார்த்தாள். வஞ்சிரத்தை அப்படியே படியில் போட்டுவிட்டு, விலைகூடச் சொல்லாமல் தெருவில் ஓடினாள். மத்தியானத்துக்குள் நெல்லித்தோப்பு முழுவதும் தெரிந்துவிட்டது.

பொலின் நடந்தாள், ஆனால் இடம் பெயரவில்லை. ஒசாகாவின் தெருக்களும் பாலங்களும் ரயில் நிலையங்களும் அந்தக் கூடத்தின் நடுவில், ஊஞ்சல் கொக்கிக்கு நேர் கீழே, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்துக்குள் அடங்கிவிட்டன. காலையில் கையை மேலே தூக்கி எதையோ பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றாள். அது ரயில் என்று புரிந்துகொள்ள வீட்டாருக்கு ஒரு மாதம் ஆனது. படிக்கட்டு இல்லாத இடத்தில் படி ஏறினாள். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள், அவர்கள் போன பிறகும் ஒரு முறை குனிந்தாள். அவள் உடம்பும் உடுப்பும் மட்டும்தான் தெரிந்தன. கையில் இருந்த எதுவும் தெரியவில்லை. வெறும் காற்றை முக்கோணமாகப் பிடித்துக் கடித்துத் தின்றாள். குப்பையைத் தரம் பிரித்தது தப்பென்று, வாசலில் வைத்த மூட்டை திரும்பத் திரும்பத் தன்னிடமே வந்துவிடுவதைப் பற்றித் தனக்குத்தானே தமிழில் திட்டிக்கொண்டாள். ஜனவரியில் அவள் தலைமுடியில் வெள்ளைத் துகள்கள் இருந்தன. ஏலேன் பொடுகு என்று நினைத்தாள். அவை கண்ணெதிரே உருகியபோதுதான் பனி என்று தெரிந்தது. “சுமிமாசென்” என்று அவள் ஓயாமல் சொன்ன மன்னிப்பு வார்த்தை, மறுபடி வரத் துணிந்த சின்னப்பாப்பாவுக்கும் தொற்றிக்கொண்டு, மீன் செதில் தரையில் தெறித்தால் அவளும் அதையே சொன்னாள். மாலையில் பொலின் குளிக்கும் நேரத்துக்கு ஏலேன் கூடத்தில் கொடி கட்டித் திரை போட்டாள். ஜான்-பத்திஸ்த் அந்த நேரத்தில் மாதா கோயில்வரை போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொலினே போன் செய்வாள். பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் பள்ளியில் தன் வகுப்பில்தான் கூட்டம் அதிகம், பிள்ளைகள் தன்னைக் கண்டால் உயிரை விடுகிறார்கள், தினமும் யாராவது விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது போனின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. விருந்துக்குப் போன ஒருநாளையும் அவர்கள் பார்த்ததில்லை. ஏலேன் “நல்லதும்மா, நல்லதும்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவள் ஜப்பானுக்குப் போன வருஷமே மழைக்காலத்தில் ஒருநாள், பொலின் யாரோ மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் கைகட்டி நின்றாள். பிரெஞ்சில் பேசினாள். ஏலேனுக்குப் பாதிதான் புரிந்தது. ஜான்-பத்திஸ்துக்கு முழுவதும் புரிந்தது. “நான் பிரெஞ்சுக்காரிதான் ஐயா. என் அப்பாவும் பிரெஞ்சுக்காரர்தான். பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்த முகத்துக்கு நான் என்ன செய்யட்டும்?” என்றாள். பிறகு குனிந்தாள். இன்னொரு முறை அதையே சொன்னாள், இன்னும் ஆழமாகக் குனிந்தாள். ஜான்-பத்திஸ்த் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் மெடல்களைப் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பொலின் வகுப்பு எடுக்கவில்லை. காலை முதல் மத்தியானம்வரை கூடத்தில் நின்று கையை முன்னால் நீட்டினாள். சிரித்தபடி, தலையை லேசாகச் சாய்த்து, ஏதோ கெஞ்சுவதுபோல் சொல்லிக்கொண்டு, இடப்பக்கம் ஒரு முறை வலப்பக்கம் ஒரு முறை. பெரும்பாலும் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மழையில் தோள் நனைந்தும் நின்றாள். தன் மகள் ஒசாகா ரயில் நிலையத்து வாசலில் பிச்சை எடுக்கிறாள் என்று ஜான்-பத்திஸ்த் கண்ணால் கண்டார். பழைய சிப்பாய்கள் கூடிச் சீட்டாடும் இடத்துக்கு, மகளைப் பற்றி அவர் ஓயாமல் பெருமை பேசிய இடத்துக்கு, போவதை நிறுத்தினார். நீட்டிய அந்தக் கைக்கு எதிரே ஒருநாள் போய் நின்று, தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அது அவர் கையினூடே நீண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பொலின் சொல்லத் தொடங்கியபோது, அவர் ஏலேனிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

“பொய் சொல்லாத! ஏம்மா கைய நீட்டிக்கிட்டு நிக்கற? நான் செத்தா பூட்டேன்?”

கூடத்தில் நின்ற பொலினின் முகம் வெளுத்தது. “யாரு சொன்னா பப்பா?”

“யாரும் சொல்லல. நாங்க பாக்கறோம். நீ ஜப்பானுக்குப் போன அந்த வாரத்திலேர்ந்தே இங்கதான் இருக்க. நம்ம கூடத்துல.”

பொலின் நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு இடது கையைத் தலைக்குமேல் தூக்கினாள். “இப்ப எத்தன விரல்?”

“மூணு. கட்டை விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்க.”

பொலின் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, “நான் அழுததெல்லாம் பாத்தீங்களா?” என்றாள். “பாத்துட்டு, நான் சொன்னதுக்கெல்லாம் நல்லதும்மான்னு சொன்னீங்களா?” என்று கத்தினாள். லைன் அறுந்தது. அவள் கூடத்தில் கத்திக்கொண்டே இருந்தாள்.

பல வாரங்கள் போன் வரவில்லை. குல்லாய் வைத்த கோட்டை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் முகத்தை மூடிக்கொண்டு பொலின் நடமாடினாள். அப்பா அம்மா எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று தெரியாததால் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஏலேன் பகலிலும் திரையை இழுத்து மூடினாள். ஜான்-பத்திஸ்த் கொல்லைப்பக்க வழியாகவே வீட்டுக்குள் போய்வரப் பழகினார். தவக்காலத்தின் கடைசி ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று போன் மணி அடித்தது.

“திரைய எடுங்க” என்றாள் பொலின். திரை போட்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஏலேன் திகைத்துப் போனாள். தன் தாயை அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஏலேன் திரையை விலக்கினாள். பொலின் குல்லாயைத் தள்ளிவிட்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

“பப்பா, அது பிச்சை இல்ல. பள்ளிக்கூடத்து விளம்பரம். போறவங்க வரவங்ககிட்ட குடுக்கணும். என் மூஞ்சிய வெச்சி பிரெஞ்சு வாத்தியாருன்னா பிள்ளைங்கள பெத்தவங்க நம்பமாட்டேங்கறாங்களாம். அதான் வெளிய நிறுத்திட்டாங்க. அந்த வேலைய போன மாசமே விட்டுட்டேன். இப்ப சாப்பாட்டுப் பெட்டி கட்டற கடையில இருக்கேன். அங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.”

“வந்துடும்மா” என்றாள் ஏலேன்.

“வரல. பிரான்சுக்குப் போனா எந்த ஊருன்னு கேப்பாங்க. இங்கயும் அதேதான். அங்க வந்தா, நீங்க பிரான்சு வூட்டுக்காரங்கதானேம்பாங்க. கொஞ்சம் காசு சேத்துட்டு ஊரு ஊரா சுத்தப் போறேன். வழியில போறவள எந்த ஊருன்னு கேட்டா, சும்மா பேச்சுக்குத்தான் கேப்பாங்க. நிரூபிக்கச் சொல்லமாட்டாங்க.”

ஜான்-பத்திஸ்த் ரிசீவரை வாங்கிக்கொண்டார். “ஊரு சுத்தறதுக்குக் காலு நல்லா இருக்கணும். நல்ல ஷூ வாங்கு” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பொலின் ஒசாகாவில் இருந்தாள். அழ வேண்டியிருந்தால் அழுதாள், மூடி மறைக்கவில்லை. ருசியாக எதையாவது தின்றால் “மமா, இத நீ தின்னணும்” என்று காற்றைத் தூக்கிக் காட்டினாள். ஜான்-பத்திஸ்த் சீட்டாடும் இடத்துக்குத் திரும்பிப் போய், மகள் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் வேலையில் இருப்பதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சீட்டைக் கலைத்துப் போட்டார்கள்.

2006 அக்டோபரில் அவள் ஒசாகா துறைமுகத்தில் ஷாங்காய் கப்பல் ஏறினாள். அன்றுதான், இரண்டரை வருஷமாக ஒரு பாய் அளவு இடத்தை விட்டு அசையாத பொலின், கூடத்தில் முதல் அடியை எடுத்து வைத்துச் சாப்பாட்டு மேசையினூடே நடந்தாள். ஃபிரிட்ஜினூடே, சுவரினூடே தெருவுக்குப் போய்விட்டாள். ஏலேன் வாசலுக்கு ஓடியபோது, கப்பலின் ஆட்டத்தில் தள்ளாடியபடி அவள் நெல்லித்தோப்பு சந்தைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். காய்கறிக் கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கடலூர் பஸ் ஒன்று முழுவதுமாக அவளினூடே புகுந்து போய், நூறடி தள்ளி நின்றது; டிரைவர் இறங்கி, பின்னால் பார்த்து, சாலையோரம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஒரு வாரத்துக்கு ஊரே அதிர்ந்துபோயிருந்தது. அவள் சீனாவில் ரயிலில் போனபோது தரைக்கு மூன்றடி உயரத்தில் படுத்தபடி இந்திரா காந்தி சதுக்கத்தை நிதானமாகக் கடந்தாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் சக்கரபாணி முதல் நாள் விசிலைக் கீழே போட்டுவிட்டார். மூன்றாம் நாள் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

அவள் மங்கோலியாவுக்குள் நுழைந்த சமயம் உருவம் ராஜீவ் காந்தி சதுக்கத்தைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. ஜான்-பத்திஸ்த் ஒரு காலையில் ஆட்டோ பிடித்துப் போய் அவளை எட்டினார். அவள் அங்கே ஏதோ சமவெளியில் நடந்துகொண்டிருந்தாள். காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவர் அவளுக்கு இடப்பக்கமாக, லாரிகள் வரும் பக்கமாக, நடந்தார். கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் பஸ்ஸிலிருந்து இறங்கி இருவரையும் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தைக்கு அவளைச் சுட்டிக் காட்டினாள். மாநில எல்லையில் அவர் நின்றார். அவள் நிற்காமல் தமிழ்நாட்டுக்குள் போனாள்.

அவர் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. ஏலேன் கூடத்தின் நடுவில், இத்தனை காலம் யாரும் கால் வைக்காத இடத்தில், மேசையை இழுத்துப் போட்டிருந்தாள்.

“எதுவரைக்கும் போனா?”

“எல்லையத் தாண்டிட்டா. திண்டிவனம் பக்கம் போறா.”

“சாப்பிட்ட மாதிரி இருந்தாளா?”

“வாய் அசைஞ்சிது. பாடிக்கிட்டு போனா.”

ஏலேன் தட்டை வைத்துச் சோறு போட்டாள். திண்டிவனத்தில் தனக்கு ஒரு சித்தி மகள் இருப்பதாகவும், நாளைக்குப் போன் போட்டு வாசலில் நின்று பார்க்கச் சொல்வதாகவும் சொல்லிக்கொண்டே குழம்பை ஊற்றினாள்.