வெளுக்காத சேலை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த தனலெட்சுமியின் கொட்டகையில், பிராணிகளுக்குத் தங்கள் நிழல் விழுவதில்லை. அவற்றை அங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்களின் நிழல்தான் விழும். பட்டறை போர்மன் ஒருவர் ஆறு மாத லீவில் கும்பகோணம் போயிருந்தபோது அவருடைய நாய் முற்றத்தில் படுத்திருக்கும். தரையிலோ ஒரு தடித்த மனிதர் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடப்பார். தபாலாபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மைனாக் கூண்டுக்குக் கீழே அந்தக் கிராணி காலையில் பல் துலக்குவதும் மாலையில் சுருட்டுப் பிடிப்பதும் தெரிந்தது. இது எந்த வருஷம் தொடங்கியது என்பதில் இரண்டு கருத்துண்டு. அரிசித் தட்டுப்பாட்டுக்கு முன்பே என்பவர்கள்தான் அதிகம். தட்டுப்பாடு வந்தபின் எல்லோரும் அரிசியைப் பற்றியே பேசினார்கள். நிழலைப் பற்றிப் பேச யாருக்கும் பொழுதில்லை.

தனலெட்சுமியின் புருஷன் கன்னையா கிள்ளான் ரோட்டில் ஒரு துரை பங்களாவில் நாய் பார்க்கிறவனாக இருந்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன். துரை சீமைக்குத் திரும்பிவிட, மிஞ்சிய இரண்டு கிழட்டு நாய்களையும் கன்னையாவின் தொழிலையும் எடுத்துக்கொண்டு அவள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். ரயில்வேக்காரர்கள் லீவு எடுத்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கப்பலேறி, ஆறேழு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். நாயும் பூனையும் கிளியும் ஆடும் அதுவரை அவள் பொறுப்பு. புத்திமதி சொல்வதில் அவள் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடு. மீனில் முள் எடுக்காமல் போடாதே. நாய்க்குக் கோழி எலும்பு எமன். டின் பாலைப் பூனைக்கு ஊற்றினால் வயிறு கழியும். எலி மருந்து வைத்த வாரம் வெளியே விடாதே. சீனப் பெருநாளில் வெடி வெடிக்கும்போது இருட்டறையில் சாக்கு விரித்துப் போட்டுக் கதவைச் சாத்து. கிளம்பும்போது அதைக் கட்டிக்கொண்டு அழாதே. நீ அழுதால் அது சாப்பிடாது. கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. விட்டுப்போகிறவர் தாம் உடுத்திய துணி ஒன்றைத் தண்ணீர் படாமல், அழுக்கோடு கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிராணி அதன்மேல்தான் படுக்கும். வாசனை இருந்தால் சோறு இறங்கும் என்பதுதான் கன்னையா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. நிழல் விழுவதும் அந்தத் துணியால்தான் என்பதை அவளே போகப் போகத்தான் கண்டுகொண்டாள். நிழல் நொண்டினால், அங்கே கால் சுளுக்கு. நிழல் இளைத்தால், காய்ச்சல். ஒரு மாதம் கழித்து வரும் கடுதாசியில் அதுவேதான் எழுதியிருக்கும். உறவுக்காரர்கள் சந்தைக்குப் போகிற வழியில் கொட்டகையை எட்டிப் பார்த்து, ஊரில் இருப்பவர் சௌக்கியந்தானா என்று தெரிந்துகொண்டு போவார்கள்.

1921-ல் கூட்ஸ் ரயில் கார்டு சபாபதியின் மனைவி சீதாலெட்சுமிக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு நாகப்பட்டினத்திலுள்ள தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். சபாபதிக்கு லீவு கிடைக்கவில்லை. மாதத்தில் பாதி நாள் அவர் ஈப்போ பக்கமோ கிம்மாஸ் பக்கமோ வண்டியோடு போய்விடுவார். ஆகவே அவர்களுடைய பூனை கொட்டகைக்கு வந்தது. அதன் பெயர் கங்காணி. மற்றவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாததால் சீதாலெட்சுமி வைத்த பெயர். இந்த ஊர்ப் பூனைகள் பலவற்றைப் போல அதற்கும் வால் நுனி மடிந்திருக்கும். ஆறு வயது.

சீதாலெட்சுமி கொண்டுவந்த சேலையைக் கையில் வாங்கியதுமே தனலெட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சி மொடமொடத்தது, நீலம் மணத்தது. பிள்ளைத்தாய்ச்சி உடுத்திய துணி வெளியார் கையில் சிக்கினால் யாராவது வினை வைத்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் அவள் பெட்டியில் இருந்த அத்தனை துணியையும் வண்ணானுக்குப் போட்டு வாங்கி, சீப்பில் சிக்கிய முடியைக்கூடச் சுட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். போதாததற்கு, ஒரு அழுக்குச் சேலையை அடுத்தவளிடம் நீட்ட அவளுக்கு வெட்கம். வாசலில் ரிக்‌ஷா நின்றது. கிள்ளானுக்குப் போகும் வண்டிக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டு நிற்பவளைத் தடுத்து, இது ஆகாது என்று சொல்வதற்குத் தனலெட்சுமிக்கு நாக்கு எழவில்லை. அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் புத்திமதி சொன்னவள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

கங்காணி அந்தச் சேலையை ஒருமுறை முகர்ந்துவிட்டு வெறுந்தரையில் போய்ப் படுத்தது. வெயிலில் நின்றபோது அதன் கீழே மண் வெளிச்சமாகவே கிடந்தது. மனுஷியின் நிழலும் இல்லை, பூனையின் நிழலும் இல்லை. சபாபதி வரும் நாட்களில் தனலெட்சுமி பூனையை இறவாரத்துக்குள் தள்ளிவைத்து ஒன்றரை மாதம் சமாளித்தாள். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. பூனை விலாவெலும்பு தெரிய இளைத்தது. கடைசியில் சபாபதியே அதைத் தூக்கி வெயிலில் விட்டுப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொல்லி, உடுத்திய துணி வேறு ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று விசாரித்தாள். எல்லாம் வெளுத்தாகிவிட்டது என்றார். தலையணை உறைகூட.

"உறையத்தானே வெளுத்தாங்க. உள்ள இருக்கற பஞ்ச வெளுக்கலியே" என்றாள் தனலெட்சுமி.

சபாபதி குனிந்து பூனையின் விலாவைத் தடவினார். "அதுலதான் நான் படுக்கறேன் அக்கா" என்றார். "அவ தல எண்ணெ வாசம் அதுல ஒண்ணுலதான் இருக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. அவர் கிம்மாஸ் வண்டிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தலையணையை யூனிபாரம் கோட்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். உறையைக் கழற்றியதும் கங்காணி ஏறிப் படுத்தது. அதிலேயே முகம் புதைத்து ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, வைத்த மீனைத் தின்று முடித்தது. அப்புறம் முற்றத்தில் வந்து நின்றபோது, வயிறு நிறைந்த ஒரு பெண்ணின் நிழல் இடுப்பில் கையூன்றி அதன் காலடியிலிருந்து நீண்டது. சபாபதி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். கிள்ளான் கோயிலுக்கு நூறு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் நிழல் தரையில் புரளத் தொடங்கியது. பூனை என்னவோ சுகமாகத்தான் உட்கார்ந்திருந்தது. நிழல் மட்டும் முதுகை வளைத்தது, முழங்காலை மடக்கியது, கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தது. கை அசைய வளையல்கள் முழங்கைக்குச் சரிவது துல்லியமாகத் தெரிந்தது. சபாபதி வேலைக்குப் போகவில்லை. தனலெட்சுமி ஏனென்று தெரியாமலே வெந்நீர் போட்டாள். சனிக்கிழமை பிற்பகலில் நிழல் நேராகப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அங்கே யாரோ அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். பிறகு நிழல் ஈரம் காய்வதுபோல ஓரத்திலிருந்து வெளுத்து மறைந்தது. பூனையின் கீழே ஒரு தேங்காய் அளவுக்கு வேறொரு நிழல் மிஞ்சியது. அதற்கு இரண்டு சின்ன முஷ்டிகள் இருந்தன. அவை ஆடிக்கொண்டிருந்தன.

நான்காம் நாள் தந்தி வந்தது. அதற்குள் சபாபதி மீசையை எடுத்துவிட்டிருந்தார். பின்னால் கடுதாசி வந்தது. பெண் குழந்தை, ரமணி என்று பெயர் வைத்திருந்தார்கள். தாயில்லாப் பிள்ளை, நோஞ்சான், ஐந்து வயது வரை இங்கேயே வளரட்டும் என்று தாய்வீட்டார் எழுதினார்கள். தந்தி வந்த அன்று முழுக்கத் தனலெட்சுமி சாப்பிடவில்லை. ரயிலுக்கு நேரமாகட்டும் என்று அந்தச் சேலையைத் திருப்பி அவள் கையில் கொடுத்து, உடுத்தியிருப்பதைத் தரச் சொல்லியிருந்தால், சீதாலெட்சுமியை இந்த வீட்டோடு கட்டிப்போட ஒன்றாவது இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அந்த எண்ணம் அவளை விட்டுப் போகவே இல்லை.

அதன் பிறகு அவளுடைய புத்திமதிகளுக்கு உயிர் வந்துவிட்டது. பூனைக்கு ஒன்று ஆனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கவும் துணிவில்லை. கங்காணிக்கு முன்னால் எந்த மீனும் அவள் விரல்களைத் தாண்டித்தான் போனது. அப்படியும் ஒருநாள் கெம்போங் மீனின் முள் ஒன்று தப்பிவிட்டது. பூனை இருமியது; சுவரில் இரண்டு வயதுக் குழந்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டது. தனலெட்சுமி கொண்டை ஊசியால் முள்ளை எடுத்தாள். ஆறு வாரம் கழித்து வந்த கடுதாசியில், அதே நாளில் ரமணி மூச்சுத் திணறித் தொண்டையிலிருந்து ஒரு மீன்முள்ளைக் கக்கினாள் என்றும், அன்று வீட்டில் சாம்பார்தான் என்றும் எழுதியிருந்தது.

சபாபதி மறுமணம் செய்துகொள்ளவில்லை. வேலை இல்லாத நாட்களில் சாயங்காலம் கொட்டகைக்கு வந்து, மேற்குச் சுவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மகள் குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், முதல் தப்படி வைத்ததும், பாண்டி ஆடக் கற்றதும் அந்தச் சுவரில்தான். பூனையை வீட்டுக்குத் தூக்கிப்போக அவருக்கு ஆசை இருந்தது. இடம் மாறினால் நிழல் அறுந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. பயமே ஜெயித்தது. கங்காணிக்குப் பத்து வயதானது, பதினொன்றானது. பூனை போய்விட்டால் பிள்ளையின் நிழல் எங்கே போகும் என்ற கேள்வி இருவர் மனசிலும் இருந்தது. இருவரும் அதைப் பேசாமல், பூனையின் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

1926 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு குவார்ட்டர்ஸ் வரை ஏறியது. தனலெட்சுமி நாய்களின் கட்டை அவிழ்த்துவிட்டாள், கூண்டுகளைத் திறந்தாள், பூனையையும் தலையணையையும் மார்போடு கட்டிக்கொண்டு தகரக் கூரையில் ஏறினாள். நாய்கள் ரயில் பாதை மேட்டுக்கு நீந்தின. அவற்றின் கூடவே, லீவில் போயிருந்த ஒரு டிரைவரும் இரண்டு கிராணிகளும் கோட்டும் தொப்பியுமாகத் தண்ணீர்மேல் கருப்பாகப் போனார்கள். மழை விட்டு வெயில் வந்தபோது, கூரையிலிருந்து வெள்ளத்தின்மேல் ஐந்து வயதுச் சிறுமியின் நிழல் நீளமாக விழுந்தது. அது கைகளை வீசி, நனையாமல் நின்றது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் முதலில் படகில் வந்தது சபாபதிதான். அவளையும் பூனையையும் உயிரோடு பார்த்ததும் அவர் படகிலேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த மார்ச்சில் ரமணியின் தாய்மாமன் எஸ்டேட் வேலைக்கு வந்தபோது அவளையும் கூட்டி வந்தார். கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய்ப் பயத்தால் தனியே வைக்கும் முகாமில் ஒரு வாரம் இருந்துவிட்டு, அவர்கள் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பிளாட்பாரத்தில் கூட்டம், கூட்டத்தில் ஐந்து வயதுப் பெண் பிள்ளைகள் பலர். சபாபதி யாரிடமும் விசாரிக்காமல் நேராக ஒரு சிறுமியிடம் போனார். அவளுடைய நிழலுக்கு வால் இருந்தது. நுனி மடிந்த வால். இந்த விஷயத்தைத் தங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று தாய்மாமன் தணிந்த குரலில் சொன்னார். பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றார் சபாபதி.

கொட்டகைக்கு வந்த ரமணி, தனலெட்சுமியை அன்றாடம் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள். பூனையின் தட்டைக் குனிந்து கவனித்து, "முள்ளு எடுத்தாச்சா? தண்ணி காய்ச்சுனதுதானே?" என்று கேட்டாள். சொல் மட்டுமல்ல, இழுவையும் தனலெட்சுமியுடையதுதான். கங்காணி எழுந்து வந்து அவள் கணுக்காலில் உடம்பைத் தேய்த்தது. ஐந்து வருஷங்களில் முதல் தடவையாகப் பூனைக்குப் பூனையின் நிழலும், பிள்ளைக்குப் பிள்ளையின் நிழலும் விழுந்தன. தாய்மாமன் பெருமூச்சு விட்டார். பிறகு, ரமணி விடாமல் அணைத்திருந்த துணி மூட்டையைக் காட்டி, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

"அவ அம்மா கடசியா கட்டுன சேல. அழுக்கா இருக்கும், தப்பா நெனக்காதீங்க. வெளுக்க எடுத்தா புள்ளைக்குக் காய்ச்சல் வந்துடுது. அஞ்சு வருஷமா தண்ணி படல."

தனலெட்சுமி இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள். கஞ்சி மணமில்லை, நீலமில்லை. தலையணையின் மேல் அதை விரித்தாள். கங்காணி ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, படுத்தது. மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் அடித்தபோது, சீதாலெட்சுமியின் நிழல் அங்கே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தது. வயிறு தட்டையாக இருந்தது. ரமணி போய்ச் சுவரோரமாக, அந்த மடியளவுக்குள் உட்கார்ந்துகொண்டாள். சபாபதி முக்காலியை விட்டு எழவில்லை.

"வந்துட்டா" என்றாள் தனலெட்சுமி.

மறுநாள் சபாபதி மகளையும் பூனையையும் தலையணையையும் சேலையையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதைத் தனலெட்சுமி போய்ப் பார்த்துச் சொன்னாள். வண்ணான் வரும் நாளில் மற்ற துணிகளைப் போட்டுவிட்டு அந்த அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உப்பு, புளி கேட்டு வந்தால் சுவரில் இருப்பவளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். கங்காணிக்கு 1938-ல் இருபத்து மூன்று வயது. பல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ரமணி மீனில் முள் எடுத்துத்தான் வைக்கிறாள். சாப்பிட்டதும் அது போய்ச் சேலைமேல் உட்காரும். அம்மா தலை வாரி முடிக்கும் வரை அசையாது.