ஓவன் லாஸ்கியின் வலது காது

ஐஸை நான் பார்த்ததெல்லாம் கரும்புச் சாறு வண்டியிலும் மீன் மார்க்கெட்டிலும்தான். அதன்மேல் அடியில் கத்தி வைத்த ஷூவோடு ஆட்கள் ஓடுவார்கள், அப்படி ஓடிக்கொண்டே ஹாக்கி ஆடுவார்கள், அதைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் பிழைப்பாகும் என்று தாராவியில் வளர்ந்த எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கனடாவில் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடிய ஆட்டங்களின் வீடியோ எங்களுக்கு வரும். பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை, பக் என்பார்கள். அதை எவன் தொட்டான், யாரிடம் கொடுத்தான், எப்படித் தொலைத்தான் என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்ப வேண்டும். ஒன்பது பெண்கள், நானும் சேர்த்து.

எங்கள் மேனேஜர் ஹரி மாட்டுங்காக்காரர். காலேஜில் ஹாக்கி ஆடியவராம், புல் தரையில். மார்ச் மாத மீட்டிங்கில், எங்கள் பெண்கள் எண்ணுவதில் கெட்டி, ஆனால் ஆட்டத்தைப் படிப்பது வேறு, அதற்குக் களத்தில் இறங்கி ஆடியிருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. ஆறு வருஷமாகக் கண் வீங்க வீடியோ பார்த்தவளைக் கூட்டல் மெஷின் என்கிறாரே என்று அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம்தான் வீடியோவில் ஓவன் லாஸ்கி வந்தான். சட்டை எண் இருபத்தேழு, தடுப்பு ஆட்டக்காரன். ஜூன் மாதம் டிராஃப்ட். பெரிய டீம்கள் வரிசையாகக் கூப்பிட்டு இருநூற்றுச் சொச்சம் பையன்களை எடுத்துக்கொள்ளும் நாள் அது. இவனை இரண்டாவது சுற்றிலேயே யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. எங்களுக்கு வேலை கொடுக்கும் டீமுக்கு ஒரே ஒரு சந்தேகம். எதிராளி பக்கைத் தூக்கி மூலையில் எறிந்தால் தடுப்பு ஆட்டக்காரன் திரும்பி ஓடிப் போய் எடுக்க வேண்டும். பின்னாலேயே ஒருவன் இடிக்க வருவான். ஓவன் அந்த வேலையைச் சில சமயம் மின்னலாகச் செய்வான், சில சமயம் தயங்குவான். அவனுக்கு அடிபடப் பயம் என்று நேரில் போய்ப் பார்த்த டீம் ஆட்கள் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பயமா, வேறு ஏதாவதா, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பதினான்கு ஆட்டம் பார்த்தேன். நான்காவது ஆட்டத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. இடிக்க வருபவன் இடது பக்கமிருந்து வந்தால் ஓவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சரியான நேரத்தில் விலகிவிடுவான். வலது பக்கமிருந்து வந்தால் மட்டும் தோளுக்கு மேல் இரண்டு தடவை, மூன்று தடவை பார்ப்பான். அதில்தான் அரை செகண்ட் போகிறது. கூட்டம் கத்துகிற நேரத்தில் இரண்டு பக்கமும் பார்ப்பான். பயந்தவனுக்கு இடது வலது ஏது?

பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு, அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் துண்டுகளைப் பார்த்தேன். எப்போதும் வலது கோடியில் உட்காருவான், மற்ற எல்லாரும் தன் இடப்பக்கம் இருக்கும்படி. கோச் எதிரில் வந்து பேசினால் முகத்தை வலது பக்கம் லேசாகத் திருப்பி இடது காதை நீட்டுவான். யாராவது வலது தோளைத் தட்டினால் தூக்கிவாரிப்போடும், உடனே சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வீடியோவை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்தச் சிரிப்போடு நான் பதினோரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெயகணேஷுக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்து, கவனிக்காமல் விட்டு, போய்விட்டது. கல்யாணமாகி மூன்றாம் நாள் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மாமியாரைத் தவிர யாருக்கும் தெரியாதாம். எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் அந்த ரகசியத்துக்கு நானும் பங்காளியாகிவிட்டேன். கல்யாண வீடுகளில் வலது கோடி நாற்காலியை ஓடிப் போய்ப் பிடிப்பேன். ரோட்டில் அந்தப் பக்கம் வரும் வண்டிச் சத்தத்தை அவருக்குப் பதில் கேட்க, அவருக்கு வலது பக்கம் நான் நடப்பேன். மாஹுல் பக்கம் ஒரு ஃபாக்டரியில் அவர் ஃபிட்டர்; கான்ட்ராக்ட் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. இடது காதைப் பொத்தச் சொல்லிப் பின்னால் நின்று கம்பவுண்டர் மெதுவாக நம்பர் சொல்லுவார். உள்ளங்கையைக் குழித்து வைத்தால் பொத்தியது போலவும் இருக்கும், சத்தமும் உள்ளே வரும். அதைக் கண்டுபிடித்தது நான்தான். சமையலறையில் வைத்து ஒரு வாரம் பழக்கினேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி விழுந்தால் கான்ட்ராக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவான் என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அதை எழுதினேன். ஒரே மூச்சில் எழுதவில்லை. ‘வலது பக்கம் தயக்கம், காரணம் தெரியவில்லை’ என்று முதலில் எழுதினேன். அதுவே போதும், பொய்யும் இல்லை. அதற்கு ஹரி என்ன சொல்வார் என்று யோசித்தேன். எண்ணிவிட்டீர்கள், சரி, படிக்கவில்லையே என்பார். அழித்தேன். ‘பயம் இல்லை. வலது காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன், சோதித்துப் பாருங்கள்’ என்று எழுதி, ஏழு பெஞ்சுத் துண்டுகளையும் வெட்டிச் சேர்த்தேன். அந்தப் பையனுடைய நல்லதுக்குத்தான், கேட்காத காதோடு ஆடி எங்காவது மண்டை உடைந்தால் என்னாவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே கவலை ஃபாக்டரியில் மெஷின்களுக்கு நடுவில் நிற்கும் புருஷன் விஷயத்தில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. அவர்கள் பையனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, காதையும் டெஸ்ட் செய்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாகத் தங்கள் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்தும் பிடிபடாததை மும்பையிலிருந்து ஒருத்தி பிடித்துவிட்டாளே என்று எழுதியிருந்தார்கள். ஹரி அந்த மெயிலை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். தான் மார்ச்சில் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். கேக் வெட்டினோம். என்னை டீம் லீட் ஆக்கினார்கள். வீட்டுக்கு வந்து, ஒரு பையனைப் பற்றிச் சரியாகக் கணித்துவிட்டேன், பாராட்டினார்கள் என்று மட்டும் சொன்னேன். இவர் சந்தோஷப்பட்டு, கீழே போய் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார். அதில் ஒன்றைத் தின்னவும் செய்தேன்.

டிராஃப்டின் பதிவை ஒரு திங்கள்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய ஹால். பையன்கள் கோட்டு சூட்டு போட்டு அம்மா அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, கட்டிப்பிடித்து, அழுது, மேடைக்குப் போகிறார்கள். இரண்டாவது சுற்றில் கேமரா ஓவனை இரண்டு தடவை காட்டியது. வரிசையின் வலது கோடியில் இருந்தான். இடது பக்கம் அவன் அம்மா. மூன்றாவது சுற்றிலும் ஒரு தடவை காட்டியது. அப்புறம் காட்டவில்லை. ஏழாவது சுற்று முடியும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்தப் பெயர் வரவில்லை. ஒரு டீமுக்குத் தெரிந்தது மற்ற டீம்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவன் ஊர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. தேடிப் போய்ப் படித்தேன், படிக்காமல் இருந்திருக்கலாம். ஆறு வயதில் காய்ச்சல் வந்து காது போனதாம். அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லையாம். வீட்டுக் கராஜில் அவனை நிற்கவைத்து, பின்னால் நின்று வலதும் இடதுமாகக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்துப் பழக அந்த அம்மாதான் சொல்லிக்கொடுத்தாளாம். ‘பன்னிரண்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை’ என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நானும் அந்த அம்மாவும் ஒரே வேலை செய்தவர்கள். அவள் பிள்ளையின் ரகசியம் வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் தப்பித்திருக்கும்.

எனக்கு வந்த தண்டனை அதோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். ஜூலையில் ஹரி வந்து, இனி ஒவ்வொரு பையனின் ரிப்போர்ட்டிலும் ஒரு புதுக் கட்டம் சேர்க்கப்போகிறோம் என்றார். எந்தப் பக்கம் திரும்புகிறான், கூப்பிட்டால் எந்தக் காதை நீட்டுகிறான், பெஞ்சில் எங்கே உட்காருகிறான். டீம் கேட்டிருக்கிறதாம். மற்ற எட்டுப் பேருக்கும் சனிக்கிழமை நான் வகுப்பெடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால் சரி என்றேன். எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன். ஓவனின் துண்டுகளை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். தூக்கிவாரிப்போட்டதும் சிரிக்கிறானே, அதைக் கவனியுங்கள், கேட்காததை மறைக்கிற சிரிப்பு அது, சம்பந்தமில்லாமல் தலையாட்டுவான், அதையும் எழுதுங்கள் என்றேன். கோவண்டியிலிருந்து வரும் கீதா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் கெட்டிக்காரி, இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமைகளில் இவருக்கு அரை நாள் வேலை. ஸ்கூட்டரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அன்றைக்கும் கீழே மிட்டாய்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் இறங்கினோம். கீதா எனக்கு முன்னால் போய், அவருக்கு வலது பக்கமாக நின்று, “அண்ணே, சயான்ல ரோடு பந்த் பண்ணிட்டாங்களாமே, எந்தப் பக்கமா போவீங்க?” என்று கேட்டாள்.

அவருக்கு லேசாகத் தூக்கிவாரிப்போட்டது, திரும்பினார். சிரித்தார். “ஆமாம்மா, ஆமா” என்று தலையாட்டினார்.

கீதா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கேலி இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கேலி இல்லை, பாவப்பட்டாள். வண்டிக்கு முன்னால் சுற்றி வந்து, அவருடைய இடது பக்கம் நின்று, அதே கேள்வியை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

ஹெல்மெட் பட்டையில் இருந்த அவர் விரல் அப்படியே நின்றது. சுற்றிப் போகவேண்டியதுதான் என்று அவளுக்குப் பதில் சொன்னார், மரியாதையாகவே. மற்ற பெண்கள் எங்களைப் பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். சிக்னல் வரைக்கும் ஓட்டினார். வண்டி நின்றதும் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு யாரு சொன்னா?”

உங்கள் பெயரை நான் எடுக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சுற்றிலும் ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமல் போய்விடக் கூடாது என்று இடது பக்கம் சாய்ந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்.

“நாந்தான். அவளுக்கு மட்டுமில்ல, எட்டுப் பேருக்கும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன்.”