போலோவுக்கு மொட்டை

பதில் தெரிந்த கேள்வியை வேடியப்பன் யாரிடமும் கேட்கமாட்டார். முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆபீஸில் தபால் பிரிவில் உட்கார்ந்து ஊறிப்போன குணம் அது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஃபைலில் ஏறும், ஏறினால் செய்து தொலைக்க வேண்டும். கேட்காமல் இருந்தால் நாள் பாட்டுக்கு ஓடும். ஆபீஸில் இதனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ரிடையர் ஆகி மூன்று வருஷம் கழித்து வீட்டில்தான் வந்து விடிந்தது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி புதிதாக மனை போட்ட நகரில் அவர் வீடு. வீட்டில் மூன்றே பேர். வேடியப்பன், அவர் மனைவி சந்திரகலா, அப்புறம் போலோ. போலோவை நாய் என்று சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். ஆனால் நாய்தான். ஹஸ்கி ஜாதி, பனிக்கட்டி மேல் வண்டி இழுக்கப் பிறந்தது. கம்பளி போர்த்தியது போல இரண்டு அடுக்கு முடி, நீலக் கண்ணு. மகன் இனியன் பெங்களூரில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கினான். ஜெர்மனியில் வேலை கிடைத்ததும், "ஆறு மாசம் பாத்துக்கப்பா, செட்டில் ஆனதும் நான் இட்டுட்டு போயிடறேன்" என்று இங்கே விட்டுப் போனான். அந்த ஆறு மாசத்துக்கு இந்தச் சித்திரையோடு இரண்டு வயசு.

திருவண்ணாமலை வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலையே பாறை. பகலெல்லாம் காய்ந்து, விளக்கு வைத்த பிறகும் அனல் விடும். போலோவுக்கு ஓடவேண்டும், ஆனால் வெளியே போக முடியாது. காலை ஆறு மணிக்கு வேடியப்பன் சங்கிலியோடு இறங்கினால் அது அவரை இழுக்கிற இழுப்பில் முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கும். தெரு முனை வரை போய்த் திரும்பிவிடுவார். மிச்சப் பலத்தை அது வீட்டின் மேல் காட்டியது. சோபாவைக் கிழித்தது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்தது. வெயில் ஏறிவிட்டால் பாத்ரூம் தரையைவிட்டு எழுந்திருக்காது. "குளிக்கணும்னா அவன்கிட்ட பர்மிஷன் வாங்க வேண்டியிருக்கு" என்பாள் சந்திரகலா.

ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணி என்று ஒன்று இருந்தது.

பெங்களூரில் இருந்த காலத்தில் இனியன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வெச்சிடறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. போலோ இங்கே வந்த பிறகு தினமும் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். "அப்பா, அவன காட்டு" என்பான். வேடியப்பன் உடனே பொத்தானை அழுத்தி கேமராவைப் போலோ பக்கம் திருப்பிவிடுவார். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். மகன் நாயைப் பார்ப்பான், அப்பா மகனைப் பார்ப்பார். அவன் சிரிப்பதை, தாடி விடுவதை, தாடி எடுப்பதை, புதுக் கண்ணாடி போட்டிருப்பதை எல்லாம் இந்தப் பக்கமிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் குரல் மட்டும்தான் அங்கே போகும். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பங்குனி மாசம் போலோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று செங்கம் ரோட்டில் இருக்கும் டாக்டர் அருணாதேவியிடம் கொண்டுபோனார். அந்த அம்மா போலோவைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் வேடியப்பனைத்தான் கேள்வி கேட்டாள்.

"பகல்ல ஏசி ஓடுதா சார்?"

"சாயங்காலம் போடுவோம்ங்க. பகல்ல ஃபேன்தான்."

"டெய்லி எவ்ளோ தூரம் ஓடறான்?"

வேடியப்பன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "தெரு முனை வரைக்கும்ங்க."

"ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. பத்து கிலோமீட்டர் ஓடினாலும் களைக்காத ஜாதி இது. உங்களால ஓட முடியல, இவனால இந்த வெயில்ல இருக்க முடியல. பாசம் ஜாஸ்திதான், நான் பாக்கறேன். ஆனா உங்க வீடு இவனுக்கான வீடு இல்ல சார்."

கோத்தகிரியில் சுரேஷ்குமார் என்று ஒருவர், தோட்டம் வைத்திருக்கிறார், இதே ஜாதியில் ஏற்கெனவே இரண்டு வளர்க்கிறார், கேட்டால் வண்டி அனுப்பிவிடுவார் என்று சொல்லி ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். "சித்திரை பொறக்கறதுக்குள்ள அனுப்பிடுங்க."

வேடியப்பன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கு ஐந்து மணிக்கு இனியன், "டாக்டர் என்ன சொன்னாங்கப்பா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கான்னாங்க. வெயில்ல வெளிய விடாதீங்கன்னாங்க, அவ்ளோதான்."

பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த சந்திரகலா கையை நிறுத்தினாள். ஃபோனை வைத்த பிறகு கேட்டாள். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"நாளைக்கு சொல்லிக்கலாம்."

"நாய பாக்கத்தான் கூப்பிடறான். நாய் போயிட்டா கூப்பிடமாட்டான். அதானே?"

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அவளும் அதற்கு மேல் தோண்டவில்லை. எப்படித் தோண்டுவாள், பாவம். அவளும் தினம் ஐந்து மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவள்தான், ஃபோனில் ஒருநாளும் அவள் முகம் விழாவிட்டாலும்.

சித்திரை பிறந்தது. சீட்டு சட்டைப் பையிலிருந்து பீரோவுக்குப் போனது. போலோ ஐஸ் கட்டியை நக்கிவிட்டுத் தலையைத் தரையில் போட்டுக்கொள்ளும். மூச்சு மட்டும் புஸ்புஸ் என்று ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் வேடியப்பனுக்கு அந்த யோசனை வந்தது. இனியனுக்கு நாலு வயசில் இதே மாதிரி ஒரு கத்திரி வெயிலில் தலையெல்லாம் சூட்டுக்கட்டி. குழந்தை மூன்று நாள் அழுகை. கோயிலுக்குத் தூக்கிப்போய் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசினார்கள். பூசின அரை மணியில் தோளிலேயே தூங்கிப்போனான். பெற்ற பிள்ளைக்குக் கேட்டது இதற்குக் கேட்காதா என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருக்கும் ராமனைப் போய் அழைத்து வந்தார். ராமன் மிஷினை வெளியே எடுக்கவே இல்லை.

"இன்னா சார், நாய்க்கா? நான் கொழந்தைங்களுக்கு போடுவேன், எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லியே."

"முடி முடிதானேப்பா. எடு."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்" என்றாள் சந்திரகலா.

வேடியப்பன் ஃபோனைக் கையில் எடுத்தார். கேட்டால் அந்த அம்மா முதலில் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். கோத்தகிரிக்கு இன்னும் அனுப்பலையா சார் என்பாள். ஃபோனை மறுபடி ஸ்டூல் மேலேயே வைத்துவிட்டார்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. போலோ அசையாமல் நின்றது. அவர் கை தலையில் இருந்தால் அது எதற்கும் நிற்கும். இரண்டு சாக்கு முடி வந்தது. உள்ளே பார்த்தால் உரித்த கோழி மாதிரி வெளுத்த தோல், இவ்வளவு சின்ன உடம்பா என்று சந்திரகலா வாயில் கை வைத்துக்கொண்டாள். குளிப்பாட்டி, சந்தனத்தை உரைத்துத் தலையிலிருந்து வால் வரைக்கும் அவர் கையாலேயே பூசினார். பூசி முடித்ததும் போலோ உடம்பை ஒரு உதறு உதறி, ஹாலுக்கும் கொல்லைக்குமாக ஓடியது பாருங்கள், ஒரு மாசமாகப் பார்க்காத ஓட்டம். வைத்த சோற்றை வழித்துத் தின்றது.

"பாத்தியா?" என்றார் வேடியப்பன். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்கு ஆபீஸ் வேலையாக வெளியூர் போவதாக இனியன் மெசேஜ் போட்டிருந்தான், கூப்பிடவில்லை. நாளைக்குக் காட்டி அசத்திவிடலாம் என்று இருந்தார்.

மறுநாள் சித்ரா பௌர்ணமி. வெளியூர் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, வேங்கிக்கால் பக்கம் இறங்கிய ஜனம் கிரிவலத்துக்கு நடந்தே ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. வருஷா வருஷம் வேடியப்பன் வாசலில் ஒரு டிரம் தண்ணீர் வைப்பார். பத்தரை மணிக்கு டிரம் காலியாகிவிட்டது என்று குடத்தோடு கேட்டைத் திறந்தார். நேற்று முன்தினமாக இருந்தால் போலோ அந்நேரம் பாத்ரூம் தரையில் கிடந்திருக்கும். இன்றைக்கு அதற்கு உடம்பு லேசாக இருந்தது. அவர் காலுக்கு இடையில் நுழைந்து, தெருவில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிட்டது.

குடத்தைப் போட்டுவிட்டு வேடியப்பன் பின்னால் போனார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். "சந்தனம் பூசின நாயா? நேரா போச்சி சார்." "மொட்ட அடிச்சிருந்துச்சே, அதா? இப்பதான் போச்சி." எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒருத்தராவது பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில், பௌர்ணமி அன்றைக்கு, மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு மலை சுற்றப் போகிற ஒரு ஜீவனை யார் நிறுத்துவார்கள்? யாரோ வேண்டிக்கொண்டு விட்டது என்று நினைத்தார்கள். வழிவிட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

ஒரு மணிக்கு கிரிவலப் பாதையில் ஒரு மோர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார். தார் ரோட்டு ஓரத்தில் படுத்திருந்தது. நெற்றியில் யாரோ விபூதி வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடமெல்லாம் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. ஒரு பெண் அதன் தலையில் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ரொம்ப தூரம் நடந்துச்சிங்க. இங்க வந்துதான் படுத்துச்சி" என்றாள்.

"போலோ" என்றார். வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.

அந்த ரோட்டில் அன்றைக்கு வண்டிக்கு அனுமதி இல்லை. இருபத்தைந்து கிலோ உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரில் வரும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாலு வயசுப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த அதே ஆள்தான். முன்பின் தெரியாத ஒருவர் பின்னங்காலைத் தாங்கிக்கொண்டு கூடவே வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார். டாக்டர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது போலோவின் மூச்சு நின்றிருந்தது.

அருணாதேவி கையை அதன் முதுகில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"எப்ப சார் முடி எடுத்தீங்க?"

"நேத்துங்க. சூடு கம்மியாகும்னு…"

"அந்த முடிதான் சார் இவனுக்கு குடை. வெயில உள்ள விடாம தடுக்கறதே அதுதான்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே சார்."

முருங்கை மரத்தடியில் போலோ தோண்டியிருந்த பள்ளத்தையே இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிப் புதைத்தார்கள். கை கழுவிவிட்டு வந்து கொல்லைப் படியில் உட்காரும்போது ஐந்து மணி. ஃபோன் அடித்தது.

"அப்பா, நேத்து பேச முடியல. எங்க அவன்? காட்டு."

கை பழக்கத்தில் கேமராவைத் திருப்பிவிட்டது. கொல்லையில் புது மண் தெரிந்தது.

"என்னப்பா அது?"

வேடியப்பன் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக எதையும் ஒளிக்காமல், டாக்டர் பங்குனியில் சொன்னது, கோத்தகிரி சீட்டு, மொட்டை, சந்தனம், கேட் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இனியன் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது.

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல? அனுப்பிடுன்னுதானே சொல்லியிருப்பேன்."

"தெரியும்டா. அதான் சொல்லல" என்றார். "அவனும் போயிட்டா நீ கூப்பிடமாட்டன்னு பயந்துட்டேன்."

கொஞ்ச நேரத்தில் ஃபோன் கட்டாகிவிட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு சந்திரகலா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அந்நேரத்துக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள். வேடியப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் மூலையில், ஃபேன் இறக்கையில், அவர் வேட்டி மடிப்பில் இன்னும் வெள்ளை முடி வந்துகொண்டேயிருந்தது. பத்து நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகூட ஃபோன் வரவில்லை.

பதினோராம் நாள் ஐந்தே காலுக்கு அடித்தது. எடுத்ததும் அவர் விரல் தானாகவே பொத்தானை அழுத்தியது. வெறும் ஹாலும், கிழிந்த சோபாவும் தெரிந்தன.

"அப்பா" என்றான் இனியன். "உன் பக்கம் திருப்பு."

"எதுக்குடா? இங்க ஒண்ணும் இல்லியே."

"உன்ன பாக்கணும்ப்பா."

வேடியப்பனுக்குக் கேமராவை அந்தப் பக்கம் திருப்பத்தான் தெரியும். இந்தப் பக்கம் கொண்டுவருவது எப்படி என்று இரண்டு வருஷத்தில் கேட்டுக்கொண்டதில்லை. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். அப்புறம் ஃபோனையே முழுசாகத் திருப்பி, அதன் முதுகைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். இப்போது மகன் அவருக்குத் தெரியவில்லை. கறுப்பு உறைதான் தெரிந்தது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு மடித்த துணியோடு வந்து, முகம் கழுவாமல், அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப தெரியறமாடா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இனியா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா" என்றான். "அப்படியே வெச்சிரு."

கை வலித்தது. வேடியப்பன் ஃபோனைக் கீழே இறக்கவில்லை.