கென்னத்தின் காரில் கோரை

கென்னத் ஸ்பர்லிங் என் மெழுகுவத்தியை மூக்கருகே கொண்டுபோனார். மோந்தார். முகம் மலர்ந்தது.

"ஆட்டுக் கொழுப்பு."

"அசல் ஆடு," என்றாள் டில்லி பணிவாக. அவள் பணிவாகப் பேசினால் எனக்குப் பயம் வரும்.

டில்லி கார்பெட் வார நாள்களில் பல் டாக்டர். விடுமுறையில் அரசர் படையின் சார்ஜென்ட். நான் ரஸ், அந்தப் படையின் சமையல்காரன். ஹெரஃபோர்ட்ஷயர் புல்வெளி ஒன்றில், 1645-இல் நடந்த சண்டையைக் கோடைதோறும் வேஷம் கட்டி மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறோம். எதிரணி பார்லிமென்ட் படை. கென்னத் அந்த அணி. அதைவிட மோசம், இரண்டு அணிக்கும் அவர்தான் பரிசோதகர். 1645-க்குப் பிறகு பிறந்த எதுவும் முகாமுக்குள் வரக்கூடாது. மனிதர்களுக்கு மட்டும் விலக்கு.

அன்று பணயம், பண்ணை மாளிகையின் கல் சமையலறை. ராத்திரி இடியுடன் மழை என்று வானிலை அறிக்கை. முந்தின இரவே எங்கள் கூடாரம் ஒழுகி, நான் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துத் தூங்கியிருந்தேன். சோதனையில் தேறினால் கூரைக்கடியில், கணப்புக்குப் பக்கத்தில் சாப்பாடு. தவறினால் அந்தச் சுகம் பார்லிமென்ட் படைக்கு. உடை, பாத்திரம் எல்லாம் தேறிவிட்டன. விளக்கு மட்டும் பாக்கி.

கென்னத் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"திரி எங்க வாங்கினீங்க?"

"கைவினைப் பொருள் கடையில," என்றேன். டில்லி என் காலை மிதித்தாள். தாமதம்.

"பின்னின திரி. இது வர இன்னும் நூத்தெண்பது வருஷம் ஆகணும். உங்க காலத்துல முறுக்கின திரிதான். நுனி கருகிக் கரி கட்டும், கத்திரியால நறுக்கிட்டே இருக்கணும்."

"இதையும் நறுக்கறோமே."

"எதிர்காலத்தை நறுக்கினாலும் எதிர்காலம்தான், டில்லி." கண்ணாடியைத் துடைத்து உள்ளே வைத்தார். "உங்கள மாதிரி பரதேசிப் படைக்கு மெழுகுவத்தியே அதிகம். பள்ளத்துல கோரையைப் பிடுங்கி, கொழுப்புல முக்கிக் கொளுத்தியிருப்பீங்க. சாயங்காலம் வர்றேன். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு வெளிச்சம் காட்டலேன்னா சமையலறை எங்களுக்கு."

போய்விட்டார்.

"ரஸ், அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"நம்மளைப் பரதேசின்னாரு."

"அதுக்கப்புறம்?"

கார்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சாக்கடைப் பள்ளம். அதில் கோரை மண்டிக் கிடந்தது. கட்டுக் கட்டாக அறுத்தோம். டில்லி உரித்தாள். பச்சைத் தோல் நாராக வந்தது. உள்ளிருக்கும் வெள்ளைத் தக்கை ஒடியாமல் தாங்க, ஓரத்தில் ஒரே ஒரு கீற்றுத் தோலை மட்டும் விட்டாள். வேர் சிகிச்சை செய்யும் விரல்கள் அவை.

ஆனால் தக்கையில் ஈரம். காய்ந்தால்தான் கொழுப்பைக் குடிக்கும். புல்தரையெல்லாம் சொதசொத. என் வேன் மரத்தடியில், குளிர்ந்து கிடந்தது. உச்சி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கறுப்புக் கார்.

கென்னத்தின் கார்.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவர் மனைவி மோனா வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மோனா, உங்க கார் கொஞ்சம் வேணும்."

"ஓட்டவா?"

"வாட்ட." டில்லி கோரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

மோனா பத்திரிகையை மூடினாள். "கல்யாண நாளுக்கு அவரு எனக்கு என்ன குடுத்தாரு தெரியுமா? தேன்மெழுகு. கட்டியா, செங்கல் மாதிரி." சாவியை நீட்டினாள். "முன் கண்ணாடிக்குக் கீழ பரப்பு. கேட்டா நான் தூங்கிட்டேன்."

பரப்பிக் கதவைச் சாத்தவும், கென்னத் தூரத்தில் வருவது தெரிந்தது. நேராகக் காரை நோக்கித்தான். நானும் டில்லியும் சக்கரத்துக்குப் பின்னால் குந்தினோம்.

"மழைக் கோட்டு எடுக்கணும் மோனா. சாவி?"

"உங்க முதுகுல இருக்கறது என்ன தையல்? மிஷின் தையல் மாதிரி தெரியுது."

காலடிச் சத்தம் நின்றது. பிறகு வேகமாக, மிக வேகமாக, முதுகைப் பார்க்க ஒரு நிலைக்கண்ணாடியைத் தேடி விலகிப் போனது.

சாயங்காலம். பின்னல் திரிகளை உருவி எறிந்துவிட்டு, பழைய மெழுகுவத்திகளை வாணலியில் உருக்கியிருந்தேன். காய்ந்த கோரைகளை அதில் இழுத்தெடுத்து ஆறவைத்தோம். முகாம் கொல்லனிடம் இரவல் வாங்கிய இடுக்கியில் ஒன்றைச் சாய்வாகக் கவ்வவைத்து டில்லி பற்றவைத்தாள். சுடர் அணையாமல் நின்றது.

கென்னத் கண்ணாடியோடு குனிந்தார். பார்ப்பதற்குத் திரியே இல்லை.

"இவ்வளவு சீக்கிரம் எங்க காயவெச்சீங்க?"

"நல்ல சூடான இடத்துல."

வெகுநேரம் பார்த்தார். "தேறிடுச்சு," என்றார், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல்.

மழை கூரையை அறைந்தபோது நாங்கள் பட்டாணிக் கூழும் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பமும் ஆப்பிள் மதுவுமாக உட்கார்ந்திருந்தோம். பரிசோதகர் தம்பதியை விருந்துக்கு அழைப்பது வழக்கம். வந்திருந்தார்கள்.

கோரை விளக்கில் ஒரு தொல்லை. எரிய எரிய யாராவது அதை இடுக்கியில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் நகர்த்தினேன்.

"சாய்வு தப்பு," என்றார் கென்னத்.

டில்லி நகர்த்தினாள்.

"அவ்வளவு சாய்ச்சா கொழுப்பு சொட்டும். இப்படிக் குடு."

இடுக்கியை வாங்கிக்கொண்டார். ஒன்று தீர்ந்தால் அடுத்ததைப் பற்றவைத்தார். சுடரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கூழில் ஆடை கட்டியது. அவர் தட்டிலிருந்த அப்பத்தை மோனா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு கோரை இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள் டில்லி.

"ஒரு கட்டு."

"அப்ப நிதானமா சாப்பிடலாம்."