தலையாட்டும் ஊர்

க்ளென் ஏணியிலிருந்து விழுந்த சத்தம் கேட்டு ஆஞ்சலா அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது, அவன் வாசல் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தான். லிங்கராஜபுரத்தில் அந்தத் தெரு முழுக்க கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறிவிட்டது, நம் வீடு மட்டும் இருட்டாகக் கிடக்கிறதே என்று காலையிலிருந்து நச்சரித்தது அவள்தான். நட்சத்திரம் மேலே ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மாட்டியவன் கீழே கிடந்தான்.

“கழுத்து…” என்றான் க்ளென். “பின்கழுத்து ரொம்ப வலிக்குது.”

கையை உடைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் ஆஞ்சலா திட்டியாவது தீர்த்திருப்பாள். அவள் பிசியோதெரபிஸ்ட். கழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் தலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிளினிக்கில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை வைத்துக்கொண்டு அவள் தினமும் பாடம் நடத்துவாள். இடுப்புப் பக்கம் நன்றாக வளையும், ஆனால் திரும்பச் சொன்னால் திரும்பாது. நடுமுதுகை விலா எலும்புகள் கட்டிப்போட்டிருக்கின்றன. எல்லாச் சுதந்திரமும் கழுத்துக்குத்தான். அதிலும் மேலே இருக்கும் இரண்டு எலும்புகள் தனி ரகம். மேலே ஒரு வளையம், அதற்குள் கீழ் எலும்பிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு முளை. தலை திரும்புவதில் பாதி அந்த முளையைச் சுற்றித்தான். முளை உடைந்துவிட்டால் வளையத்துக்குப் பிடி கிடையாது. ஒட்டினாற்போல் பின்னால் போகிறது தண்டுவடம். மூச்சு, கை, கால் எல்லாம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். நோயாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம், இப்போது அவள் கைக்குள் சூடாக, தலைமுடியோடு இருந்தது.

அதற்குள் தெரு கூடிவிட்டது. நம் ஊரில் விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காவிட்டால் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஷங்கர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு க்ளெனின் அக்குளில் கை கொடுக்கப் போனார்.

“தொடாதீங்கண்ணா! ஒன் நாட் எய்ட்டுக்கு போன் போடுங்க!”

“ஆம்புலன்ஸு ட்ராபிக்ல சாவும்மா. சட்டுனு தூக்கிப் போட்டா ஆட்டோல இந்நேரம் ஆஸ்பத்திரி.”

“தூக்குனீங்கன்னா செத்துடுவான்!”

அவள் கத்திய கத்தலில் ஷங்கர் கையை எடுத்துக்கொண்டு போனை எடுத்தார். எதிர்வீட்டு வள்ளியம்மா சொம்போடு வந்து குனிந்தாள்.

“தம்பி, ஒரு வாய் தண்ணி குடிக்கிறியா?”

க்ளென் வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஆட்டப்போனான் என்பதுதான் சரி. ஆஞ்சலாவின் உள்ளங்கைக்குள் அந்தத் தலை ஒரு நூலளவு திரும்பியது. இந்த ஆபத்து அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. நம் ஆட்களுக்கு வாய் எதற்கு? வேணும் என்றால் ஒரு ஆட்டு, வேண்டாம் என்றால் ஒரு ஆட்டு, சரி, பார்க்கலாம், உன் இஷ்டம் எல்லாவற்றுக்கும் தலைதான். சாகக் கிடந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

“க்ளென், வாயால சொல்லு. தலைய ஆட்டக்கூடாது. புரியுதா?”

புரிகிறது என்று தலையை ஆட்ட வந்தான். அவள் இன்னும் இறுக்கினாள்.

“ஒருத்தரும் அவனை எதுவும் கேக்காதீங்க! கெஞ்சிக் கேக்கறேன்.”

கேட்காமல் இருக்க முடியுமா? மயக்கமா இருக்கா, வாந்தி வருதா, மேல ஏறும்போது செருப்போடயா ஏறினே என்று நாலா பக்கமும் கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் கழுத்துத் தசை துடிப்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கையை எடுத்துக் கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை. கடைசியில் வள்ளியம்மாதான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“அந்தப் பொண்ணு படிச்சிப் படிச்சி சொல்லுதில்ல? போங்கப்பா அந்தாண்ட!”

ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டதாம், குறுக்கே நிறுத்திய பைக்குகளை நகர்த்தவேண்டுமாம். ஷங்கர் எல்லோரையும் திரட்டிக்கொண்டு ஓடினார். வாசல் சட்டென்று அமைதியானது.

“ஆஞ்சலா.” க்ளென் வானத்தைப் பார்த்தபடி மெதுவாகக் கூப்பிட்டான். “உன் பேஷன்ட் யாரு விழுந்தாலும் மொதல்ல ஒண்ணு கேப்பல்ல. காலை அசைக்க முடியுதான்னு.”

அவள் அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னை ஏன் கேக்கல?”

கேட்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. முடியல என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது? வந்ததிலிருந்து அவள் அவன் நெற்றியை விட்டுப் பார்வையை நகர்த்தவில்லை. இடுப்புக்குக் கீழே க்ளென் என்று ஒருவன் இருப்பதையே அவள் பார்க்க மறுத்திருந்தாள்.

“நீ கேக்கலைன்னதும் எனக்குத் திக்னு ஆயிடுச்சி,” என்றான். “அப்பத்துலேர்ந்து ஆட்டிக்கிட்டே இருக்கேன். ஆடுற மாதிரிதான் இருக்கு. நெஜமாவே ஆடுதான்னு தெரியல. என்னால பாக்க முடியாது. நீ பாத்து சொல்லேன்.”

ஆஞ்சலா வாய்க்குள் ஜெபித்துக்கொண்டு, கைகளை அசைக்காமல், கண்ணை மட்டும் மெல்ல மெல்ல நகர்த்தினாள். சட்டைப் பொத்தான்கள். பெல்ட். முட்டியில் கிழிந்த பேண்ட். அதற்கப்பால் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

செருப்பில்லாத காலின் கட்டைவிரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. செருப்புப் போட்ட காலும் சேர்ந்து ஆடியது. எவ்வளவு நேரமாகவோ, பார்ப்பார் இல்லாமல்.

“ஆடுதுடா,” என்றாள். “ரெண்டும் ஆடுது.”

அந்தச் சந்தோஷத்தில் க்ளென் தலையாட்ட வந்தான்.

“தலைய ஆட்டாத!” என்று அலறினாள் ஆஞ்சலா. “கால ஆட்டு, க்ளென். கால மட்டும் ஆட்டிக்கிட்டே இரு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”