சோதனைக்கு ஒரு வரி

மேஜைக்கு அடியில் தலையை விட்டு, கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து நீல நிற நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள் புதுசு. தோளுக்கும் காதுக்கும் நடுவில் டெலிபோன் ரிசீவர் நசுங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, என்னமோ உருளுற சத்தம் கேக்குதே. என்ன பண்றீங்க?”

“கேபிளைப் பிடுங்கிட்டேன் தம்பி.”

“திரும்பச் செருகுங்க. மெசேஜ் அனுப்புற மெஷின் மூணாவது மாடியில இருக்கு. நீங்க இங்க பிடுங்கினா அது நிக்காது. நீங்கதான் நிப்பீங்க.”

செருகினாள். எழும்போது மேஜை விளிம்பு உச்சந்தலையைப் பதம் பார்த்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று அடித்தால் ஆயிரத்துச் சொச்சம் பேரின் கைபேசிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு தானாகப் போய்விடும். அந்த முடிவுகளில் பாதிக்குமேல் தப்பு. தப்புக்குக் காரணம் அவள்.

அவளுக்கு நாற்பத்தி மூன்று வயது. இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, துருப்பிடித்த டிகிரியைத் தூசி தட்டி, இந்த மருத்துவமனையின் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இன்னும் நிரந்தரமாகவில்லை. பிரிவில் கடைசியாக வந்தவள் என்பதால் ‘புதுசு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னதுகள்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிட்டன.

ரிசீவரின் மறுமுனையில் இருந்தவனுக்கும் பட்டப்பெயர்தான். அடித்தளத்தில், கம்ப்யூட்டர் உதவி மேஜையில் இருப்பவன். யார் எந்தப் பிரச்சினையோடு கூப்பிட்டாலும் முதலில் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்பான். அதனால் மொத்தக் கட்டடத்துக்கும் அவன் ‘ரீஸ்டார்ட்’. அவனது குரலைத் தெரிந்தவர்கள் ஏராளம். முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. புதுசுக்கும் குரல் மட்டும்தான் பழக்கம்.

“உங்க பிரிவு மேடத்தோட பாஸ்வேர்டு இருந்தா நிறுத்திடலாம்ல?” என்றான்.

“மேடம் டைரக்டர் மீட்டிங்ல இருக்காங்க. போனை அணைச்சு வச்சிருக்காங்க. தம்பி, நீயே அங்கிருந்து என் ஸ்கிரீனுக்குள்ள வந்து சரி பண்ணிடேன். புண்ணியமாப் போகும்.”

“நோயாளிங்க விவரம் இருக்கிற ஃபோல்டர்க்கா அது. எனக்கே அனுமதி கிடையாது. நான் வாயால சொல்றேன், நீங்க கையால செய்யுங்க. அந்த ஃபைல் இப்ப திறந்திருக்கா?”

“இருக்கு.”

“சேவ் பண்ணாம மூடுங்க. இப்ப ஃபோல்டர்ல ஃபைல் பேர் மேல ஒரு தட்டு. எஃப் டூ அமுக்குங்க. பேர் நீலமாகும். வேற ஏதாவது பேர் வைங்க.”

“என்ன பேர் வைக்க?”

“குழந்தைக்கா பேர் வைக்கிறீங்க? எதையாவது வைங்க.”

பதற்றத்தில் மகளின் செல்லப்பெயரை அடித்துவிட்டு என்டரைத் தட்டினாள். முள் பதினொன்றைத் தொட்டது. திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி முளைத்தது: கோப்பு கிடைக்கவில்லை. எதுவும் அனுப்பப்படவில்லை.

“நின்னுடுச்சு,” என்றாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

“அது பேரை வச்சுத்தான் தேடும். பேர் மாறினா பக்கத்துலயே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பாவம், அவ்வளவு பெரிய மெஷின், அவ்வளவுதான் மூளை.”

மூன்றாவது மாடியில் குளிரூட்டிய தனி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பூதத்தை, ஒற்றை விரலால், ஒரு வீட்டுச் செல்லப்பெயரால் கட்டிப்போட்டாயிற்று. புதுசு தன் சுண்டுவிரல் நகத்தை ஒரு கணம் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இப்ப சொல்லுங்க. என்ன நடந்துச்சு? மறைக்காம சொல்லணும். டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் பொய் சொல்லக்கூடாது.”

சொன்னாள். அந்தப் பட்டியலில் யாருக்கும் பெயர் கிடையாது. பதிவு எண், கைபேசி எண், வந்தாரா வரவில்லையா, முடிவு என்று ஒரு ஆளுக்கு நான்கு கட்டம். முடிவு இரண்டே வகை. ஒன்று, ‘கவலை வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்.’ இன்னொன்று, ‘நாளை காலை நேரில் வரவும்.’ வெளியாட்கள், ஊழியர்கள், ஊழியர்களின் வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் போன வார முகாமில் பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு, கையை நீட்டி ரத்தம் கொடுத்திருந்தார்கள். நேரில் வரவேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்காக, காலையில் முடிவுக் கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினாள்.

“ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே. பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்துக்கவா, இது மட்டும் போதுமான்னு?”

“கேட்டுச்சு. இது மட்டும் போதும்னு அமுக்கிட்டேன்.”

“ம்.”

“அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்?”

“அந்தப் பெட்டியை அப்படி அமுக்காதவங்க இந்தக் கட்டடத்துலயே கிடையாதுன்னு அர்த்தம். மேல சொல்லுங்க.”

எண்ணி முடித்ததும், எல்லாம் பழையபடி வரட்டும் என்று மொத்தத்தையும் பதிவு எண்படி அடுக்கி, சேமித்து மூடிவிட்டாள். பார்ப்பதற்குப் பழைய பட்டியல் போலவே இருந்தது. அங்கேதான் வினை. ஆளின் எண் ஒரு இடத்தில், அவரது முடிவு வேறு யாருடைய பக்கத்திலோ. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமே என்று திறந்தபோதுதான் ஒரு வரி கண்ணில் குத்தியது. ‘வரவில்லை’ என்று போட்டிருந்த ஆளுக்குப் பக்கத்தில் ‘கவலை வேண்டாம்.’

“ரத்தமே குடுக்காத ஆளுக்கு ரிசல்ட் வந்திருக்கு தம்பி. நிஜமாவே நோய் இருக்கிறவங்களுக்கு நாம கவலை வேண்டாம்னு அனுப்பியிருப்போம். அவங்க பாட்டுக்கு ஒரு வருஷம் சும்மா இருந்துடுவாங்க.”

“அனுப்பலையே. சரி, அந்தத் தப்பான ஃபைலையே திரும்பத் திறங்க. எதையும் தொடாதீங்க. ஒரு பழக்கம் சொல்றேன், வச்சுக்கங்க. எதைச் சரி பண்றதுக்கு முன்னாடியும் சோதனைக்கு ஒரு வரியைப் பாத்து மனசுல வச்சுக்கணும். சரி பண்ணின பிறகு அதே வரியைத் திரும்பப் பாக்கணும். மொத்தத்தையும் பாத்தா கண்ணு ஏமாத்தும். ஒரு வரி ஏமாத்தாது.”

“எந்த வரி?”

அவன் ஒரு பதிவு எண்ணைச் சொன்னான். யோசிக்கவில்லை, தயங்கவில்லை, கடகடவென்று சொன்னான். “கண்ட்ரோலும் எஃப்பும் அமுக்கித் தேடுங்க.”

“கவலை வேண்டாம்னு இருக்கு.”

“அப்படியா,” என்றான். பிறகு, “அப்படியா,” என்று இன்னொரு தடவை. “நல்லது. மூடிடுங்க. இப்ப அந்த ஃபோல்டர் மேல வலது பக்க மவுஸ் பட்டன். கீழ ப்ராப்பர்டீஸ். அதுல ‘முந்தைய பதிப்புகள்’னு ஒரு டேப் இருக்கும்.”

தட்டினாள்.

அவள் வீட்டில் கைதவறிப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. கொட்டிய பால் கொட்டியதுதான், சொன்ன சொல் சொன்னதுதான். இங்கே, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்குள், இன்றைய காலைப்பொழுது மடித்துவைத்த துணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. எட்டு மணி. ஒன்பது மணி. பத்து மணி. அவள் தப்புச் செய்வதற்கு முந்தைய உலகம் அப்படியே, கசங்காமல், உள்ளே இருந்தது.

“இது எப்படி தம்பி?”

“மணிக்கு ஒரு தடவை சர்வர் எல்லா ஃபைலையும் போட்டோ புடிச்சு வச்சுக்கும். ரெண்டு வருஷமா புடிக்குது. இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல. எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டு முதல்லேருந்து டைப் பண்ணுவாங்க.”

“நீயாவது சொல்லக்கூடாதா?”

“சுற்றறிக்கை அனுப்பினேன். நீங்க படிச்சீங்களா?”

அவள் பேச்சை மாற்றினாள். “எது சரியானது? நான் டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி பண்ணினேனா, வந்து பண்ணினேனான்னு நினைப்பில்ல.”

“ரீஸ்டோர்னு ஒரு பட்டன் இருக்கும், ஆசையா இருக்கும், அதைத் தொடாதீங்க. இருக்கிறதை அழிச்சிடும். ஓப்பன் குடுங்க. பத்து மணிப் படத்துக்குள்ள பழைய பேர்ல இருக்கிற ஃபைலைத் திறங்க. திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எல். தலைப்புல குட்டி அம்புக்குறி வரும். ‘வரவில்லை’யை மட்டும் வடிகட்டுங்க.”

வந்தது. வராதவர்கள் மட்டும் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேரின் பக்கத்தில் முடிவு இருந்தது.

“தப்பு.”

“அப்ப அதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்க. ஒன்பது மணி.”

திறந்தாள், அமுக்கினாள், வடிகட்டினாள். வராதவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் வெற்றுக் கட்டம். மேலிருந்து கீழ்வரை பால் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

புதுசுக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றிடத்தைப் பார்த்து அழுத முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

“அக்கா, இருக்கீங்களா?”

“எல்லாம் காலியா இருக்கு தம்பி. அழகா இருக்கு.”

“வடிகட்டினதை எடுத்துடுங்க. வேற பேர்ல சேவ் பண்ணுங்க. இப்ப நம்ம வரியைத் தேடுங்க.”

எண்ணை அடித்தாள். இந்தமுறை வேறு வாசகம் இருந்தது.

“மாறியிருக்கு. நாளை காலை நேரில் வரவும்னு இருக்கு.”

மறுமுனையில் அடித்தளத்து மின்விசிறியின் கிரீச் சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

“தம்பி? கேக்குதா?”

“கேக்குதுக்கா. இன்னொரு போன்ல லேபைக் கூப்பிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் சரிபாருங்க. அவங்க கையில அச்சடிச்ச தாள் இருக்கும். நான் லைன்லயே இருக்கேன்.”

லேப் அம்மாள் வாயில் எதையோ மென்றுகொண்டே தாளைப் புரட்டினாள். “ஆமா, அதான். நேர்ல வரச் சொல்லணும். நாளைக்கு ஸ்பெஷலிஸ்ட் வர்றாரு, விட்டுடாதே. அவர் அடுத்து எப்ப வருவாரோ.”

“சரியாத்தான் இருக்கு தம்பி. லேப்லயும் அதேதான்.”

“அப்ப நம்ம ஃபைல் சரி,” என்றான். குரல் பழையபடி இருந்தது. “பழைய பேரை இதுக்கு வச்சிடுங்க. மேடம் வந்ததும் நடந்ததைச் சொல்லிட்டு அனுப்பச் சொல்லுங்க. மறைக்காதீங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. மேடம். மீட்டிங்கில் வாங்கிய திட்டெல்லாம் முகத்தில் அப்படியே இருந்தது. “பதினொண்ணுக்குப் போகவேண்டியது ஏன் போகல?”

புதுசு ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னாள். தப்பை முதலில், சரி செய்ததைப் பிறகு. மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வராதவர்களைத் தானே ஒருமுறை வடிகட்டிப் பார்த்தாள். பத்து மணிப் படத்தையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இந்த முந்தைய பதிப்பு சமாச்சாரம் இங்க இருக்கிறதே எனக்குத் தெரியாது.”

“சுற்றறிக்கை வந்துச்சாம் மேடம்.”

“வாயை மூடு,” என்றாள் மேடம். ஆனால் கோபமில்லை. “போன வருஷம் நானும் அந்தப் பெட்டியில ‘இது மட்டும் போதும்’னு அமுக்கினேன். ஒரு வாரம் உட்கார்ந்து திரும்ப டைப் பண்ணினேன். யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்லிட்ட. அது போதும், உன் வேலைக்கு நானாச்சு.” பாஸ்வேர்டை அடித்து, பொத்தானைத் தட்டிவிட்டு, டைரக்டருக்குத் தகவல் சொல்லக் கிளம்பிப் போனாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. பதிவு எண்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து மறைந்தன. ஊரின் ஏதோ ஒரு சமையலறையில், ஏதோ ஒரு பேருந்தில், ஏதோ ஒரு கடைக் கல்லாவில் ஒவ்வொரு கைபேசியாகச் சிணுங்கும். அத்தனை பேருக்கும் அவரவருக்கு உரிய உண்மை போய்ச் சேரும். இரண்டு பேர், ஒரு டெலிபோன், சில பட்டன்கள்.

ரிசீவரை எடுத்தாள். “போயிட்டு இருக்கு தம்பி. என் வேலையும் பிழைச்சுது. நீ மனுஷனே இல்ல. என் ஸ்கிரீனைப் பார்க்காமலே எல்லாத்தையும் பார்த்தியே.”

“பெரிய வார்த்தை எல்லாம் வேணாம்க்கா. அடுத்த தடவை சுற்றறிக்கையைப் படிங்க.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். சோதனைக்கு எடுத்த அந்த எண் ஒளிர்ந்தது, மறைந்தது.

ரிசீவருக்குள், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு கைபேசி ‘டிங்’ என்றது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கடகடவென்று அவன் எண் சொன்னதும், இரண்டு தடவை ‘அப்படியா’ என்றதும், மின்விசிறி மட்டும் சுற்றிய அந்த நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கவலை வேண்டாம் என்று அவள் படித்துச் சொன்ன பிறகுதான், அடுத்து எதைத் தட்ட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான்.

“தம்பி,” என்றாள் மெதுவாக. “ஆயிரம் வரி இருக்கே. எதுக்கு அந்த எண்ணைச் சொன்ன?”

“சட்டென்னு ஞாபகம் வந்தது அது ஒண்ணுதான்க்கா,” என்றான் ரீஸ்டார்ட். “ஒரு வாரமா சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன், அந்தச் சீட்டை.”