எடுக்கக்கூடாத அழைப்பு

போன் மறுபடியும் அடித்தது. இரண்டு முறை மணி, உடனே நின்றுவிட்டது.

கூடத்தின் நடுவே அவள் கணவனின் உடல் இருந்த பெட்டி. பக்கத்து அலமாரியில் அவனுடைய போன். விடிந்ததிலிருந்து இப்படித்தான். எடுக்கப் போனால் அறுந்துவிடுகிறது. திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. ஒரே ஆளும் இல்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர்.

“நம்ம வீட்டு குக்கரே மூணு விசில் அடிக்குது அண்ணி. இவனுங்க ரெண்டோட ஓடிடுறானுங்க,” என்ற கொழுந்தன், சொன்ன பிறகு பெட்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அப்புறம் மெதுவாக, “அணைச்சுடவா?” என்றான்.

அவள் போனை நீட்டினாள். வாசலோரம் நின்றிருந்த ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். படையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

“அணைக்காதீங்க தம்பி. அதுல ஆளுங்க இருக்காங்க.”

“யாரு?” என்றாள்.

“எங்களை மாதிரி தனிக்கட்டைங்கம்மா. இன்னும் வேலையில இருக்குற பசங்ககூட சில பேரு. காலையில கண்ணு முழிச்சா உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மணி அடிக்கணும். ‘இருக்கேன்’னு அர்த்தம். அவரு எடுக்கக் கூடாது. மணி வரலைன்னா, கிட்டத்துல இருக்குறவனை அனுப்புவாரு. லீவுல இருந்தா அவரே வண்டியை எடுத்துடுவாரு.”

படையிலிருந்து லீவுக்கு வந்தும் வீடு தங்காமல் ஓடுகிறவனை, ‘ஊருக்கெல்லாம் காவல், வீட்டுக்கு மட்டும் விருந்தாளி’ என்று அவள் எத்தனையோ முறை குத்திக் காட்டியிருக்கிறாள். நேற்றும் சொன்னாள். அவன் போனைப் பார்த்தான், பாதி டீயை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திருப்பத்தில் ஒரு லாரி மோதிவிட்டது.

“அவர் இல்லைன்னு இவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. வேற யாருக்கு அடிக்கிறது?”

அவர் திரையைக் காட்டினார். அமைப்பு எளிதானது. ஒருவரின் பெயர் ஒரு தடவைதான் இருக்கும். அடித்தவுடன் அது மேலே ஏறிவிடும். மற்றவை ஒவ்வொரு படி இறங்கும். வரிசையில் எல்லோரையும் பார்க்க வேண்டியதில்லை, அடியை மட்டும் பார்த்தால் போதும்.

“வாசல்ல நிக்கிறவங்ககூட அடிச்சுட்டுத்தான் கிளம்பி வந்தாங்க. பழக்கம்.”

அவள் விரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போனாள். நேற்றைய தேதியோடு ‘வயர்லெஸ்’. அதற்கும் கீழே, முந்தாநாள் தேதியோடு, ‘டிரைவர்’.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னிக்கு அடிக்கக் கை வரலம்மா,” என்றார்.

“நேத்து?”

வெளியே யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

“சார்ஜ் போட மறந்து தூங்கிட்டேன்.”

பெட்டியைத் தூக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டிரைவர் இருக்கிற கையால் சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தார்.

“இந்த வயர்லெஸ் யாரு?” என்றாள்.

“படையில சிக்னல் பிரிவுல இருந்த பெரியவரு. கண்ணு சரியாத் தெரியாது. ஒருநாளும் தவற மாட்டாரு.”

அவள் அந்தப் பெயரை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அழுத்தினாள்.

“அவர் வீட்டுக்குக் கிட்டத்துல யாரு இருக்கா?”

“எல்லாரும் இங்கதானே நிக்கிறோம்…” என்று இழுத்தார். “என் தெருவுக்கு அடுத்த தெரு.”

“அப்ப நீங்க போங்கண்ணே.”

“தங்கச்சி, ஒரு தோள் மட்டும் குடுத்துட்டு…”

அவள் வாசலைக் காட்டினாள். கொழுந்தன் வந்து பெட்டியின் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டான்.

மணி வராத வீட்டுக்கு, கிட்டத்தில் இருப்பவர் போக வேண்டும். கிட்டத்தில் இருப்பவர் டிரைவர். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.